அப்பாவின் உடம்புக்கு அளவெடுத்த படகு

இன்னும் பெயர் வைக்காத என் மகனுக்கு,

நீ பிறக்க இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். செல்போன் வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆனாலும் நீ வளர்ந்து ஆளாகிவிட்டாய், எங்கோ கிளம்பி வாசலில் நிற்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதப் போகிறேன். இந்த வீட்டில் யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை. பள்ளியில் சொன்னால் சிரிப்பார்கள். நீ என்றாவது ஒருநாள் இதைப் படித்துவிட்டு, நம் அம்மா அன்றைக்கு இவ்வளவு பயந்திருக்கிறாளே என்று நினைத்தால் போதும்.

பயம் இதுதான். உன் தாத்தா, அதாவது என் அப்பா, மொட்டை மாடியில் தன் கையாலேயே ஒரு படகு கட்டியிருக்கிறார். நாளைக் காலை அதில் உட்காரப் போகிறார். அந்தப் படகு தலைகீழானால் அவரால் அதைவிட்டு வெளியே வர முடியாது என்று நான் நினைக்கிறேன்.

நீ எங்கள் மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்தில் வளர்ந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரிப்பாய். உன் தாத்தா கடலிலேயே பிறந்த மாதிரி. கட்டுமரத்திலும் போயிருக்கிறார், பைபர் படகிலும் போயிருக்கிறார். அலை தூக்கிப் போட்டால் நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்வார். அந்தக் கதைகளை அவர் சொல்லும்போது எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகிவிடும், அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் நான் ஒன்பதாவது படிக்கும்போது துறைமுகத்தில் படகுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில் அவருடைய வலது கால் மாட்டிக்கொண்டது. எலும்பு கூடியது. முழங்கால் மட்டும் மடங்கவில்லை. ஆடுகிற படகில் நின்று வலை இழுக்க முழங்கால் வேண்டும். அதற்குப் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேனாகப் போனார். சட்டையில் பித்தளைப் பொத்தான் வைத்த யூனிபார்ம் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு நடந்துபோகும்போது கடற்கரைத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவார். எங்கள் குப்பத்து ஆட்கள் அவரை அந்தச் சட்டையில் பார்த்துவிடக் கூடாது.

அந்த கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த ஒருவர் தன் போனில் அப்பாவுக்கு ஒரு படம் காட்டியிருக்கிறார். ஒல்லியாக, நீளமாக, மூடின படகு. ஒருவர் மட்டும் காலை நீட்டி உள்ளே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் துடுப்பு வைத்த ஒரே கழியால் தள்ளிக்கொண்டு போகிறார். கயாக் என்று பெயர். அப்பா வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, போன எடு. கயாக்குன்னு ஒண்ணு இருக்காம். எப்டிக் கட்டறதுன்னு பாரு."

நான்தான் தேடினேன். நான்தான் வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு இங்கிலீஷ் வீடியோ எதுவும் வரவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உக்காந்துனே போலாம் பாரு. முட்டியே வேணாம். கை போதும்," என்றார். இரண்டு வருடமாக நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

கட்டுவதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவரை என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாகச் செய்த வேலை அதுதான். நீளமான இரண்டு மரச் சட்டங்களை இரண்டு முனையிலும் சேர்த்துக் கட்டினால் மீன் மாதிரி ஒரு உருவம் வரும். அதற்குக் கீழே மனுஷனுடைய விலா எலும்பு மாதிரி வரிசையாக வளைந்த குச்சிகள். குச்சியை வளைக்க ஆவியில் வேகவைக்க வேண்டும். அம்மாவின் இட்லி குண்டானை எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு, அதில் ஒரு தகரக் குழாயைச் சொருகி, குழாய்க்குள் குச்சிகளை அடுக்கினோம். அம்மா மீன் விற்றுவிட்டு வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது? சோறாக்கற பாத்திரத்துல கட்டைய வேக வெக்கற?"

"வெந்துடுச்சான்னு தொட்டுப் பாரு."

"சட்னி அரைக்கட்டுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மறுநாள் கடைக்குப் போய் அவளே புதுக் குண்டான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வெந்த குச்சியை எடுத்ததும் ஆறுவதற்குள் வளைத்துவிட வேண்டும். அப்பா கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வளைப்பார், நான் முனையைப் பிடித்துக்கொள்வேன். நிறைய உடைந்தது. உடையும்போது அவர் திட்டவே இல்லை. ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. எல்லா இணைப்பையும் வலை நூலால் கட்டினார். வலை பின்னுகிற அதே முடிச்சுதான். பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"இன்னா மச்சான், மாடியில கப்பலா? மழ வெள்ளம் வந்தா எங்களையும் ஏத்திப்பியா?"

"ஒத்த ஆளுக்குத்தான்டா எடம். உன் தொப்பைக்கு வேற கப்பல் கட்டணும்."

ஒற்றை ஆளுக்குத்தான் இடம் என்பது அப்படியே உண்மை. இந்தப் படகைச் சட்டை தைப்பதைப் போல ஒருவருடைய உடம்புக்கு அளவெடுத்துத்தான் கட்டுவார்கள். கையை விரித்து நீளம் பார்க்க வேண்டும். இடுப்பை அளந்து அகலம் வைக்க வேண்டும். அப்பா தன் உடம்புக்கு அளவெடுத்தார். உட்காருகிற ஓட்டையை வீடியோவில் சொன்னதைவிடச் சின்னதாக வைத்தார். அலை மேலே அடித்தால் உள்ளே தண்ணீர் போகக் கூடாது என்று அவருக்கு எண்ணம். கட்டுமரத்தில் தண்ணீர் மேலே வந்து அப்படியே இறங்கிப் போய்விடும். உள்ளே என்று ஒன்று கட்டுமரத்துக்கு இல்லையே. பைபர் படகிலும் நின்றுகொண்டு போகிறார்கள். அப்பா தன் வாழ்நாளில் ஒரு படகுக்கு உள்ளே காலை நுழைத்து உட்கார்ந்ததே கிடையாது. அது அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. எனக்கும் இல்லை, போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

எலும்புக்கூட்டின் மேல் நைலான் துணியை இழுத்துத் தைத்து, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்துக் காயவைத்திருந்தோம். துணி முரசு மாதிரி விறைத்துவிட்டது. வெயில் பட்டால் அந்தப் பக்கம் இருக்கிற கட்டைகள் எல்லாம் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மாடியிலேயே வைத்து அப்பா முதல்முறையாக அதற்குள் உட்கார்ந்தார். அம்மா இருந்தாள், நான் இருந்தேன், ஏழுமலை மாமா தன் மாடியிலிருந்து விசில் அடித்தார். உட்காருவதற்கே நேரமானது. மடங்காத காலை முதலில் விட்டு, பிறகு இன்னொரு காலை மடக்கி நுழைத்தார். உட்கார்ந்ததும் ராஜா மாதிரி எங்களைப் பார்த்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு கையையும் ஊன்றி எம்பினார். இடுப்பு வந்தது. முழங்கால் குறுக்குக் கட்டையில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடி உள்ளே இறங்கி, உடம்பைத் திருப்பி, மறுபடி எம்பினார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் அம்மா பின்னால் நின்று அக்குளில் கையைக் கொடுத்து, "எம்மா, இன்னா கனம்" என்று சொல்லிக்கொண்டே இழுத்து எடுத்தாள். எல்லோரும் சிரித்தோம். நான்தான் ரொம்பச் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார்.

அன்று மதியம் அந்த வீடியோவை மறுபடி பார்த்தபோதுதான் கடைசிப் பகுதியை முதன்முறையாகக் கவனித்தேன். படகு கட்டுவதோடு வீடியோ முடிந்துவிட்டது என்று நினைத்து, அதுவரை நாங்கள் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. வீடியோவில் படகு கட்டின ஆள் ஒரு ஏரியில் மார்பளவு தண்ணீரில் தன் படகோடு வேண்டுமென்றே தலைகீழாகத் திரும்புகிறான். பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவன் தண்ணீருக்குள்ளேயே காலை உருவிக்கொண்டு வெளியே வருகிறான். இதைப் பழகாமல் யாரும் தனியாகப் போகக் கூடாது என்கிறான். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அப்பா வார்னிஷ் வழிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கடல்ல எறக்கறதுக்கு முன்ன ஒருதடவ கவுத்துப் பாக்கணுமாம்."

உனக்கு இது புரிய வேண்டும். எங்கள் குப்பத்தில் படகுக்குப் பக்கத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். அப்படி நடந்துவிட்டால்கூட, கடல் புரட்டிடுச்சு என்று சொல்வார்களே தவிர அதைச் சொல்வதில்லை. ஆம்பளைகள் கடலில் இருக்கிற நேரத்தில் அம்மா சோற்றுப் பானையைக் கழுவினால் குப்புற வைக்க மாட்டாள், சுவரில் சாய்த்துத்தான் வைப்பாள். அப்படி இருக்கிற இடத்தில், இன்னும் தண்ணீரையே பார்க்காத புதுப் படகை முன்னால் வைத்துக்கொண்டு, அதைத் தலைகீழாக்கிப் பார் என்று நான் சொன்னேன்.

அப்பா எழுந்து நின்றார். "வாயக் கழுவிட்டு வா," என்றார். நான் கீழே போய் நிஜமாகவே வாயைக் கழுவினேன். திரும்பி மேலே போக எனக்கு தைரியம் வரவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நீ சொல்லும்மா, நீ சொன்னா கேப்பாரு," என்றேன். அவள் கூடையை உதறிச் சுவரில் சாய்த்துவைத்தாள். "கடலுக்குப் போறவர எங்க போற, ஏன் போறன்னு கேக்கக் கூடாதுடி. உங்கப்பன் ரெண்டு வருசமா கெஸ்ட் ஹவுஸு கேட்டாண்ட நின்னு எவனுக்கோ சலாம் போட்டுனு கீறாரு. இப்பதான் மனுசனாட்டம் சாப்புடறாரு. நானு எப்டிச் சொல்றது?" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. மகனே, பெரியவனானதும் உனக்கு இப்படி ஒரு நேரம் வரும். உனக்குப் பிரியமானவர்கள் எல்லோரும் சரியாகவே பேசிக்கொண்டிருப்பார்கள். இருந்தும் ஒரு ஆபத்து நடு வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

நாளைக் காலை கடலில் இறக்குவதாகக் குப்பம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அதற்கு முன்னால் தையலில் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க, இன்று சாயங்காலம் படகை லோடு ஆட்டோவில் ஏற்றி அரியாங்குப்பம் ஆற்றுக்குக் கொண்டுபோனோம். நானும் அப்பாவும் மட்டும். அம்மா மீன் விற்கப் போயிருந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், சத்தம் கேட்காத ஒரு இடத்தில் படகை இறக்கினோம். இலை மாதிரி மிதந்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் முனைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மடங்காத காலைச் சேற்றில் ஊன்றிக்கொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"கனம் ஏறினாத்தான் கசிவு தெரியும். நீ உக்காரு பாப்பா. உள்ள தண்ணி வருதான்னு பாத்துச் சொல்லு. நா புடிச்சிக்கிறேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் குப்பத்தில் பெண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. நான் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு அளவெடுத்த படகில் எனக்கு நிறைய இடம் இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டுகூட வரவில்லை. "வரலப்பா," என்றேன். "வராது. எங்க தையலு," என்று சொல்லிவிட்டுக் கரையில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் தேடினார். பாராட்ட ஒரு ஆளாவது வேண்டும் அவருக்கு. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாளைக்கு இவர் தனியாக அலையைத் தாண்டிப் போகப் போகிறார் என்பது எனக்கு உறைத்தது. மூச்சை இழுத்துக்கொண்டு இடது பக்கம் சாய்ந்தேன்.

அது இவ்வளவு வேகமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆகாயம் போய்விட்டது. மூக்கு முழுக்கச் சேற்றுத் தண்ணீர். கால் மேலே, தலை கீழே. எந்தப் பக்கம் மேல் என்றே தெரியவில்லை. வீடியோவில் சொன்னது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை, அம்மா என்று கத்தப் பார்த்தேன், வாயில் தண்ணீர் போனது. பிறகு இரண்டு கையும் தானாக ஓட்டையின் விளிம்பைக் கண்டுபிடித்தன. தள்ளினேன். இடுப்பு வழுக்கிக்கொண்டு வந்தது. முழங்காலை மடக்கினேன், கால் உருவிக்கொண்டு வந்துவிட்டது. என் முழங்கால் மடங்கியது, அவ்வளவுதான். தலையை வெளியே நீட்டியபோது அப்பா கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் வர முயன்று, சேற்றில் கால் இழுபட்டு, தானும் விழுந்து, முகமெல்லாம் தண்ணீரோடு என் பின்னலைப் பிடித்து இழுத்தார். வலித்தது. நான் இருமிக்கொண்டே, "நானேதாம்பா சாஞ்சேன்," என்றேன்.

அவர் கையை ஓங்கினார். அது மேலேயே நின்றது. பிறகு அந்தக் கையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே போன தண்ணீரைக் கொட்டி, படகைக் கரையில் வைத்து, ஆட்டோவுக்கு போன் செய்தார். வழியில் உப்பளம் தாண்டும்போது, "அம்மாகிட்ட சொல்லாத," என்று மட்டும் சொன்னார். அம்மா வந்ததும் என் தலையை மோந்து பார்த்துவிட்டு, "இன்னாடி சேறு நாத்தம்?" என்றாள். படகைத் தூக்கும்போது ஆற்றில் வழுக்கிவிட்டது என்றேன்.

சாப்பிட்ட பிறகு அம்மா தட்டு கழுவ வெளியே போனாள். அப்பா சுவரில் சாய்ந்து, மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உள்ள இருட்டா இருந்துச்சா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அடி வாங்கப் போகிறேன் என்றுதான் காத்திருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். "இல்லப்பா," என்றேன். "வெளிச்சமாத்தான் இருந்துச்சு. ஒருதடவ கண்ணத் தொறந்தேன். துணிக்கு அந்தாண்ட வெயிலு மஞ்சளாத் தெரிஞ்சிச்சு. நீ கட்டின முடிச்செல்லாம் வரிசையாத் தெரிஞ்சிச்சு."

அவர் தலையை ஆட்டினார். தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார். எவ்வளவோ தடவை கடலில் விழுந்தவர். ஆனால் ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டு அவர் விழுந்ததில்லை. எனக்குத் தெரிந்து அவர் எதைப் பற்றியும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"நாளைக்குக் கடல் வேணாம்," என்றார். "இருட்டோட ஆத்துக்கே போலாம். யாரும் வர்றதுக்குள்ள. நானு உள்ள உக்காந்து... நீ பண்ண மாரி பண்ணிப் பாக்கறேன். நீ பக்கத்துல நில்லு."

அப்போதும் அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. நான் சரி என்றேன். அவ்வளவு சந்தோஷமாகச் சரி என்றேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டதற்கு, "வேணாம். அவ பாத்தா தாங்க மாட்டா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு," என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆட்டோக்காரரிடம் போனில் நேரம் சொல்லிவிட்டு அப்பா படுத்தார்.

அந்தச் சந்தோஷம் படுத்த பிறகு போய்விட்டது. நான் பக்கத்தில் நின்று என்ன செய்ய முடியும்? நான் கேட்டதைத்தான் அவர் செய்யப் போகிறார். என் பேச்சைக் கேட்டு, நான் நிற்கிறேன் என்று நம்பி, வெளியே வர முடியாத ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னைத் தண்ணீருக்குள் சாய்த்துக்கொள்ளப் போகிறார். அந்த முழங்கால் கட்டையில் இடித்து நின்றால், நான் இழுக்க வேண்டும். சேற்றில் நின்றுகொண்டு, நீச்சல் தெரியாமல், அவரைப் படகோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். அவரை நான் இதுவரை தூக்கிப் பார்த்ததே இல்லை. படுத்தபடியே என் கையை என் கையாலேயே அளந்து பார்த்தேன். குச்சி மாதிரி இருக்கிறது.

மகனே, நான் உனக்கு அம்மாவாகும்போது என்னென்ன தெரிந்துவைத்திருப்பேனோ தெரியாது. இன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொல்லிவிடுகிறேன். நீ ஏதாவது ஒன்றைச் செய்யக் கிளம்பும்போது உன் வீட்டில் ஒருத்தி பயந்தால், அவளை வாயைக் கழுவச் சொல்லாதே. பக்கத்தில் உட்காரவைத்து எதற்காகப் பயப்படுகிறாய் என்று கேள். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு அதற்குப் பிறகும் நீ போகலாம். நான் உன்னைத் தடுத்து நிறுத்துகிற அம்மாவாக இருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அப்பாவும் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் அலைக்கு அந்தப் பக்கம் போய், துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு, யூனிபார்ம் அல்லாத சட்டையில் உட்கார்ந்திருப்பதை நானும் பார்க்க வேண்டும். திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். அப்படி வந்தால் ஒருநாள் உன்னையும் அவர் மடியில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைத் தானே பெரிய வீரன் மாதிரி மாற்றிச் சொல்லுவார். நான் குறுக்கே பேச மாட்டேன்.

யாரிடமும் சொல்லாமல் இருப்பதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் என்னிடம் கேட்ட முதல் வாக்கு அது. அதைக் காப்பாற்றினால் நாளைக்கு அந்த ஆற்றில் அவருக்கு என் இரண்டு கை மட்டும்தான் இருக்கும். அது போதாது. அம்மாவுடையது மீன் கூடை தூக்கிப் பழகிய கை. அவள் தாங்க மாட்டாள் என்று அப்பா நினைக்கிறார், அவள் இவ்வளவு வருடமாகக் கரையில் நின்று தாங்கியதை அவர் கடலிலிருந்து பார்த்ததில்லை.

அப்பா வாசல் பக்கம் படுத்திருக்கிறார். குறட்டை வரவில்லை, அதனால் தூங்கவில்லை என்று தெரிகிறது. அம்மா இப்போதுதான் என் பக்கம் புரண்டு படுத்தாள். அவளை எழுப்பி, காதோடு எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். இந்த வீட்டில் யாரும் சொல்லாத அந்த வார்த்தையையும் அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் அழுவாளா, என்னை அறைவாளா, எழுந்துபோய் அப்பாவிடம் சண்டை போடுவாளா, தெரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. முதலில் அவள் கையைத் தொடுகிறேன்.

உன்னைப் பார்க்க ஆசையோடு,
உனக்கு அம்மாவாகப் போகிறவள்